கைபேசி வகுப்பைக் கிராம சபை வரை கொண்டுசெல்வது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்துக் கற்க வந்த பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியை இயக்கத்தின் வேலைகளில் ஒன்றாகவே ஆக்கினார். கல்குவாரிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் யாருடைய துணைக்கும் காத்திராமல் அந்தப் பெண்கள் போய்வரத் தொடங்கினார்கள். பெடலை மிதிக்கத் தெரிந்ததைவிட, மிதித்து எங்கே போனார்கள் என்பதே அங்கே முக்கியமாக இருந்தது. வயது வந்தோருக்குக் கைபேசி கற்றுக்கொடுக்க முன்வரும் எவரும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், எழுத்தோடும் எண்ணோடும் மின்னணு அறிவும் வாழ்க்கைத் திறன்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பல வகுப்புகள், படம் அனுப்புவதிலும் யூடியூப் பார்ப்பதிலும் பணம் செலுத்துவதிலும் நின்றுவிடுகின்றன. கைக்கு வந்த தகவலைச் சோதிப்பதும், சோதித்த தகவலோடு பொது இடத்தில் எழுந்து கேள்வி கேட்பதும் இரண்டு தனிப் பாடங்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்வரும் வழிமுறை, மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுக்கும், ஊர்ப்புற நூலகர்களுக்கும், மகளிர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் உரியது.

வகுப்பைத் தொடங்கும் முன்

ஒரு குழுவுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்; பதினொன்றாவது ஆளின் திரையை உங்களால் குனிந்து பார்க்க முடியாது. வேலை முடிந்து, சமையலும் முடிந்த பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாள், எட்டு வாரம் என்ற கணக்கு பெரும்பாலும் சரியாக வருகிறது. நூலகம், மகளிர் குழுக் கட்டடம், பள்ளி வகுப்பறை என எல்லாச் சாதியினரும் தயக்கமின்றி உள்ளே வரக்கூடிய இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோயில் மண்டபமும் ஒருவர் வீட்டுத் திண்ணையும் வசதியாகத் தோன்றினாலும், அங்கே வராமல் போகிறவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவரவர் கைபேசியிலேயே கற்றுக்கொடுங்கள். பல வீடுகளில் தாயின் பெயரில் இருக்கும் கைபேசி மகன் கையில்தான் இருக்கும்; ஆகவே முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் பேசி, வகுப்பு நேரத்துக்காவது அதைப் பெற்றுத்தர வேண்டியிருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கு விசைப்பலகையின் ஒலிவாங்கிக் குறியை அழுத்தித் தமிழில் பேசிப் பதிவுசெய்வதை முதல் நாளே காட்டிவிடுங்கள். எழுத வராது என்ற கூச்சம் அங்கேயே பாதி குறைந்துவிடும்.

ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். எவருடைய ஓடிபி எண்ணையும் ரகசிய எண்ணையும் நீங்கள் கேட்கவோ பார்க்கவோ கூடாது. ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. "தம்பி நீயே போட்டுக் கொடுத்திடேன்" என்று கைபேசியை நீட்டுவார்கள். அந்த நம்பிக்கையை மதிப்பதற்காகவே மறுத்து, அவர்கள் விரலாலேயே போட வைக்க வேண்டும்.

முதல் பாடம்: ரேஷன் கடைக் குறுஞ்செய்தி

தொடக்கப் பாடத்துக்கு நான் வைத்துக்கொள்வது ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தியைத்தான். பதிவுசெய்த எண்ணுக்கு, எந்தப் பொருள், எவ்வளவு, என்ன தொகை என்ற விவரத்தோடு அது மாதந்தோறும் வருகிறது. எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. பெரும்பாலானோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எங்கள் வகுப்பில் ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி அதைப் படித்தார். துவரம் பருப்பு என்ற இடத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து, "தம்பி, இந்த மாசம் பருப்பு வரலன்னுதானே கடையில சொன்னாங்க. நான் வாங்கிட்டேன்னுல்ல இதுல போட்டிருக்கு" என்றார். அறையில் இருந்த மற்றவர்கள் எதுவும் சொல்லாமல் தங்கள் கைபேசிகளைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாலையில் ஆர்வமூட்டும் வேலை எதுவும் எனக்கு இருக்கவில்லை.

அந்த ஒரு செய்தியை வைத்தே நான்கு கேள்விகளைப் பழக்கலாம். இதை அனுப்பியது யார்? எந்தத் தேதியில் வந்தது? இதில் என்னதான் சொல்லப்பட்டிருக்கிறது? அது உண்மையா என்று எதை வைத்துப் பார்ப்பது? கடைசிக் கேள்விக்கு விடை, வீட்டுப் பருப்பு டப்பாவும் கடை ரசீதும். இந்த நான்கையும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எட்டு வாரமும் இதே நான்குதான். உணவுப் பொருள் வழங்கல் புகார்களுக்கான 1967 என்ற எண்ணுக்கு அவர்களே அழைத்து, அட்டை எண்ணையும் தேதியையும் சொல்லிப் புகார் பதிவுசெய்வதை அடுத்த வகுப்பில் வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர்மேல் பழி சுமத்தும் பேச்சாக அது மாறாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. செய்தியில் இருப்பது இது, வீட்டுக்கு வந்தது இது என்ற அளவோடு புகார் நிற்க வேண்டும்.

பரவி வரும் செய்திகள்

இரண்டாம், மூன்றாம் வாரங்களை வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஒதுக்குங்கள். இங்கே ஒரு துயரத்தை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வட தமிழகத்தில் கைபேசிகள் வழியே பரவிக்கொண்டிருந்தபோது, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் வந்திருந்த குடும்பத்தின் மூதாட்டி ஒருவர், வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஊர்க் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளியில், இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையால்தான் அனுப்பியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்டவர்கள்தான் வதந்தி பரப்புவார்கள் என்ற எண்ணம் கற்பவர் மனத்தில் தங்கினால், தாம் அனுப்புவதை அவர் ஒருநாளும் சோதிக்க மாட்டார்.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம், பிறர் அனுப்பியதை மறுபடி அனுப்பும்போது அதற்கு ஓர் அடையாளம் காட்டவும், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்யவும் தொடங்கியது. இப்போது பல கை மாறிய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடிகிறது. இரட்டை அம்பு இருந்தால் பொய் என்று கற்றுக்கொடுத்துவிடாதீர்கள். பொய்யான செய்தியை ஒருவர் நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் அம்பே இருக்காது. செய்தி பல கை மாறி வந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

படத்தைச் சோதிக்கும் பயிற்சியை மெதுவாகச் செய்யுங்கள். படத்தைத் திறந்து, கைபேசியில் சேமித்து, கூகுள் லென்ஸில் அதைக் கொடுத்து, அதே படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிடைத்தவற்றுள் மிகப் பழைய தேதி எது என்பதுதான் தேடல். காணொளியாக இருந்தால், முகமோ கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு இதையே செய்யலாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் அஞ்சி ஊர் திரும்பத் தொடங்கியபோது, அவை தொடர்பில்லாத பழைய சம்பவங்களின் படங்கள் என்று காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வெளிப்படையாக அறிவிக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது, வதந்தியால் துன்பப்படுவது நாம் மட்டுமல்ல, நம் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களும்தான் என்பது வகுப்புக்குப் புரியும்.

நம்மிடையே மிக அதிகமாகச் சுற்றுவது போலி நியூஸ் கார்டு. தொலைக்காட்சி நிறுவனத்தின் முத்திரை, ஒரு தலைவரின் படம், கொதிக்க வைக்கும் ஒரு வாசகம் என்று அது வரும். எழுத்துரு, நிறம், பிழைகள் என்று அட்டையையே உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். நன்றாகச் செய்த போலி அதில் தப்பிவிடும். அட்டையை விட்டு வெளியே வந்து, அந்தத் தொலைக்காட்சியின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகியோரை ஒப்பிட்டுப் பார்த்தபோது கண்டதும் இதுதான். படித்த வரலாற்றாசிரியர்கள் பலரும் ஒரே பக்கத்தில் தங்கி ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தை விட்டு விலகி, பிறர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டில் கேட்பதோடு நிற்காமல் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பதுபோல என்று சொன்னால், எவருக்கும் மறுவிளக்கம் தேவைப்படாது.

சரிபார்த்துச் சொல்வதற்கென்றே தமிழில் இயங்கும் யூடர்ன் போன்ற அமைப்புகளும், 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தக் காட்டுங்கள். ஆனால் தீர்ப்பை மட்டும் படித்து நிறுத்தாமல், எந்த ஆதாரத்தைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கவும் பழக்குங்கள். அரசு தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே தீர்ப்புச் சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. ஒன்றிய அரசு தன் சரிபார்ப்புப் பிரிவுக்கு அதிகாரம் அளித்த விதித் திருத்தத்தை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்ததை வகுப்பில் எடுத்துப் பேசலாம்.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலைப் பற்றிச் சொல்ல, நம்மூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு மேடையில் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் அவருடைய கட்சி ஓர் உரையை வெளியிட்டது. இரண்டும் தொழில்நுட்பத்தால் ஆனவை என்று எல்லாருக்கும் தெரிந்தே வந்தவை. மறைந்தவர்களையே பேச வைக்க முடியுமென்றால், உயிரோடிருக்கும் உங்கள் மகனின் குரலில் ஒருவர் பணம் கேட்பது பெரிய வேலையா என்று கேளுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, தன்னிடம் உள்ள பழைய எண்ணுக்குத் தானே திரும்ப அழைப்பதைப் பயிற்சியாகவே செய்து பார்க்க வேண்டும்.

பணமும் இணைப்பும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது. யுபிஐ ரகசிய எண், பணம் அனுப்புவதற்கு மட்டுமே. பணம் பெறுவதற்கு அதைப் போடச் சொன்னால் அது திருட்டு. காணொளி அழைப்பில் காவலர்போல் மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் சொல்லும் டிஜிட்டல் கைது என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

அரசுத் திட்டத்தின் பெயரில் வரும் இணைப்புகளைக் கண்டறிய, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு புள்ளி, ஜி, ஓ, வி, இன்னொரு புள்ளி, ஐ, என் என்ற வரிசையைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோலப் பத்து முறை எழுத வையுங்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை விரலை நகர்த்தி, அந்தத் துண்டு இதே வடிவத்தில் முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் இந்த எழுத்துகள் வந்து, முடிவில் வேறு ஏதாவது இருந்தால் அது அரசின் தளம் அல்ல.

பெரியவர்களைத் திருத்துவது

தன் பெரியப்பா குடும்பக் குழுவில் போட்ட செய்தி பொய் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் உண்மையான சிக்கல். எல்லார் முன்னிலும் "இது பொய்" என்று எழுதினால் உறவு முறியும். செய்தி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனியாக அழைத்து, "பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். எனக்கும் பதறிப்போச்சு. தேடிப் பார்த்தா அது அஞ்சு வருசத்துக்கு முன்னாடி வேற ஊர்ல நடந்ததுன்னு வருது. நீங்களே குழுவுல ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும்" என்று சொல்லும் முறையை வகுப்பில் இரண்டு இரண்டு பேராக நடித்துப் பார்க்கலாம். திருத்தும் பெருமையை அவருக்கே விட்டுக்கொடுப்பதில்தான் இதன் பலன் இருக்கிறது.

பயிற்சிக்கு எடுக்கும் பொய்ச் செய்திகள் எல்லாக் கட்சிக்கும் எல்லா மதத்துக்கும் சாதகமானவையாகக் கலந்து இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த கட்சிக்கு ஆதரவான பொய் ஒன்றை முதல் வாரமே உடைத்துக் காட்டுங்கள். அதைச் செய்யத் தயங்கும் பயிற்றுநரை வகுப்பு மூன்றாம் நாளே அடையாளம் கண்டுகொள்ளும்.

வாக்காளர் பட்டியலும் கிராம சபையும்

ஐந்தாம் வாரத்திலிருந்து அதே நான்கு கேள்விகளைப் பொதுக் காரியங்களின் பக்கம் திருப்ப வேண்டும். முதலில் வாக்காளர் பட்டியல். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, பெயர் இருக்கிறதா, எந்தச் சாவடியில், எந்த வரிசை எண்ணில் என்று ஒவ்வொருவரும் தாமே பார்க்கட்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, நீக்கக் கோரப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. உதவிக்கு 1950 என்ற எண். தேர்தல்தோறும் ஒரு வதந்தி தவறாமல் வருகிறது: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டிச் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம் என்பது அது. பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்பதே சட்டம். நம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டிருந்தால் தரப்படுவதுதான் டெண்டர் வாக்கு. இந்த வதந்தியை நம்பி, பட்டியலைப் பார்க்காமலே இருந்துவிட்டு வாக்குரிமையை இழந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால் இதற்கு ஒரு முழு மாலையைக் கொடுக்கிறேன்.

அடுத்து கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பும் உண்டு. உங்கள் எட்டு வாரத்தின் முடிவு இந்த ஆறு நாள்களில் ஒன்றை ஒட்டி வருமாறு தொடக்கத்திலேயே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

2020-இல் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, எந்த நிதியாண்டில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு காட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். எல்லாக் கணக்கும் அங்கே வந்துவிடாது. நிதிக் குழு மானியத்தில் நடந்த வேலைகளைப் பார்க்க அது நல்ல இடம். முழுப் பட்டியலையும் ஆராய முயல வேண்டாம். கற்பவர்கள் நாள்தோறும் நடக்கும் தெருவில் உள்ள ஒரே ஒரு வேலையை, ஒரு குடிநீர்க் குழாயையோ வடிகாலையோ, தேர்ந்தெடுங்கள். பிறகு எல்லாருமாக அங்கே போய், கைபேசியால் படமெடுத்து, நீளத்தைத் தப்படியால் அளந்து, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் குழு அளந்த வடிகால் கணக்கில் இருந்த நீளத்துக்குச் சரியாகவே இருந்தது. ஏமாற்றமாக இருக்குமோ என்று நினைத்தேன். மாறாக, அளந்தவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தபோது, குற்றம் கண்டுபிடிப்பது இந்தப் பயிற்சிக்கு அவசியமே இல்லை என்று புரிந்தது.

கணக்கில் ஐயம் எழுந்தால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாள்களில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவு தராவிட்டாலோ அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இந்த வேலையின் மதிப்பீட்டு நகலும் அளவுப் புத்தக நகலும் தருக" என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். மனுவைக் கற்பவரே பேசிப் பதிவுசெய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பட்டும்.

கிராம சபைக்கு முந்தைய மாலையில் ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு கேள்வி, அதுவும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகாமல், தேதியும் தொகையும் சேர்த்து. நீங்கள் ஊராட்சித் தலைவராகவோ, தலைவர் இல்லாதபோது ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலராகவோ நாற்காலியில் உட்கார்ந்து, "அதெல்லாம் பிறகு பார்க்கலாம்மா" என்று தட்டிக்கழித்துப் பாருங்கள். அவர் மறுபடி எழுந்து, "என் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லும் வரை விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும், படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது என்பதையும், தீர்மான நகலை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவையுங்கள்.

வகுப்பு முடிந்த பிறகும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடர வேண்டும். இடப்பக்கத்தில் புகாரோ மனுவோ அனுப்பிய தேதியும் எண்ணும். வலப்பக்கத்தில் முப்பதாவது நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்ற குறிப்பு. அதை நீங்கள் வைத்துக்கொள்ளாமல், வகுப்பில் எழுத்தைக் கடைசியாகக் கூட்டக் கற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.